மாமாவை நகர்த்தலாம்

செங்கல்பட்டில் என் ஃபிளக்ஸ் கடைக்கு டிசைனராக வந்த அந்தம்மா, மனிதர்கள் விஷயத்தில் கொஞ்சமும் நாணயம் இல்லாதவர். கறுத்த மாப்பிள்ளையைச் சிவப்பாக்குவார். வழுக்கைக்கு முடி நடுவார். வெறுங்கழுத்தோடு நிற்கும் பெண்ணுக்கு ஆரம் போட்டுவிடுவார். படாளத்தில் ஒரு வீட்டுக் காதுகுத்து பேனருக்கு, வெள்ளிக்கிழமை சண்டை போட்டுக்கொண்டு போன மச்சானைக் குடும்பப் படத்திலிருந்து எடுத்துவிட்டார். திங்கட்கிழமை சமாதானம் ஆகிவிட்டதென்று போன் வந்ததும் அதே இடத்தில் அதே மச்சானை, முன்பைவிடக் கொஞ்சம் உயரமாக, திரும்ப நிற்க வைத்தார். ஆனால் பின்னால் தெரியும் வானத்தில் ஒரே ஒரு புள்ளியைத் தொடச் சொல்லிப் பாருங்கள். மௌஸை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்.

வானம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் பின்னணி என்றால் மயில், தாமரை, அருவி, இல்லாவிட்டால் ரோஜாப்பூ. அந்தம்மா வந்த இரண்டாவது வாரமே அதையெல்லாம் ஒரு ஃபோல்டரில் தள்ளி மூடிவிட்டார்.

"எத்தினி வருசத்துக்குண்ணா இந்த மயிலயே போட்டுக்கினு கீறது? அதுக்கே அலுத்துப் போயிருக்கும்."

மயிலுக்குப் பதிலாக அவர் கொண்டுவந்தவை நெபுலாக்கள். விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த படங்கள். நட்சத்திரம் பிறப்பதற்கு முன்னால் வாயுவும் தூசியும் மேகமாகக் கூடிக் கிடக்கும் இடங்கள். முதன்முதலில் அவர் ஒன்றைத் திரையில் திறந்தபோது யாரோ துணிக்கடைக்காரர் சாயப் பட்டறையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ரோஜா நிறம், கத்திரிப்பூ நிறம், நடுவில் பொடிப்பொடியாக வெளிச்சம். வெறும் பின்னணி தேடப் போய்த்தான் இவை அவர் கண்ணில் பட்டனவாம். பிறகு ஒவ்வொன்றும் என்ன, எங்கே, எவ்வளவு தூரம் என்று தானாகவே படித்துக்கொண்டார். அவருக்கு இதில் பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது.

"கோடி கோடியா செலவு பண்ணி மேல கண்ணாடிய அனுப்பி எடுக்கறாங்க. எடுத்து, யாரு வேணா பாருங்கடான்னு சும்மா வெச்சிக்கிறாங்க. நம்மூர்ல மாவு மில்லு காலண்டர் கேட்டா கூட சொந்தக்காரனான்னு கேப்பான்."

மஞ்சள் நீராட்டு விழா என்றால் ரோஜா மாதிரியே விரிந்த ஒரு நெபுலா. கடை திறப்பு விழா என்றால் தூண் தூணாக எழும்பி நிற்கும் ஒன்று. எல்லாவற்றிலும் வலது கீழ் மூலையில் எறும்பு சைஸில் ஒரு வரி இருக்கும்: நெபுலாவின் பெயர், எத்தனை ஒளியாண்டு தூரம். ஒளியாண்டு என்றால் ஒரு வருஷத்தில் வெளிச்சம் ஓடுகிற தூரம் என்று எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அச்சரப்பாக்கத்திலிருந்து ஒருவர் பேனரை வாங்கிப்போன மறுநாள் போன் செய்து, "அந்த மூலையில இருக்கறவரு யாரு? எங்க சொந்தத்துல அப்படி யாரும் இல்லியே" என்று சண்டைக்கு வந்தார்.

என் மாமாவின் அறுபதாம் கல்யாண பேனரில்தான் அந்தம்மாவின் சுயரூபத்தை நான் முழுதாகப் பார்த்தேன். மாமாவின் தலைக்குப் பின்னால் சரியாக உச்சியில் ஒரு நட்சத்திரம் பளிச்சென்று வந்து நின்றுவிட்டது. தலையில் பல்பு மாட்டிய மாதிரி இருந்தது.

"அந்த ஸ்டார கொஞ்சம் அந்தாண்ட தள்ளும்மா" என்றேன்.

"அது நவுராதுண்ணா."

"இன்னா நவுராது? மௌஸ புடிச்சி இழு."

"இழுத்தா படத்துல நவுரும். அங்க நவுருமா? மாமாவ நவுத்தலாம். ஸ்டார நவுத்த முடியாது."

மாமாவை நகர்த்தினார். அத்தை கொஞ்சம் நெருக்கப்பட்டார். அறுபது வருஷத்தில் மாமாவை இடம் மாற்ற முடிந்த ஒரே ஆள் இந்தம்மாதான் என்று அத்தை பேனரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

அந்தம்மாவின் வீடு மாமல்லபுரம் பக்கம், கடலோரக் குப்பம். அண்ணன் கடலுக்குப் போகிறவர், அண்ணி மீன் விற்கிறவர். திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் தினமும் வந்து போவார். புருஷனைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. லீவு என்று அவர் அதிகம் எடுத்ததில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விடும் நாளில் மட்டும் அரை நாள். கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால், வானம் சுத்தமாக இருந்தால் சின்னக் கோடாகத் தெரியுமாம். லீவுக்குக் காரணம் என்று நான் பேச்சுக்குக் கேட்டால் பேப்பரிலேயே எழுதிக் கொடுப்பார்: 'இன்று ராக்கெட் விடுகிறார்கள்.'

"உங்க சொந்தக்காரங்க விசேசமா?" என்று ஒருநாள் நக்கலாகக் கேட்டேன்.

"ஆமா" என்றார். அவ்வளவுதான்.

நிலாவில் இறங்கப் போன நம்முடைய கலம் கடைசி நேரத்தில் விழுந்து நொறுங்கிய வாரம், அந்தம்மா நேராகப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மிச்சம் கிடந்த ஃபிளக்ஸ் துண்டில் ஒரு பேனர் அடித்து வாசலில் கட்டினார். நிலாவின் படம். கீழே: 'விழுந்ததற்கு வெட்கமில்லை. மறுபடியும் வருகிறோம், தயாராக இரு. இவண்: செங்கல்பட்டு பொதுமக்கள்.'

எதிர் டீக்கடையில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "சோத்துக்கே வழி இல்லாத ஊரு. இவனுங்களுக்கு நிலா கேக்குது" என்றார். என் கடை வாசலில் அரசியல் வேண்டாம் என்று நான் எழுந்திருப்பதற்குள் அந்தம்மா ரோட்டைத் தாண்டிவிட்டார்.

"அண்ணா, போன புயலுக்கு எங்க அண்ணன் படகக் கரையில ஏத்திக் கட்டிட்டு வூட்ல படுத்துக்கினு இருந்துச்சு. புயல் வருதுன்னு யாரு சொன்னது, உன் டீ மாஸ்டரா? மேல சுத்திக்கினு கீற சாட்டிலைட்டு சொல்லுச்சு. எங்கண்ணன் வூட்ல சோறு வேவுதுன்னா அதுவும் ஒரு காரணம். அதெல்லாம் இல்லன்னாலும் நான் நிலாவுக்குப் போவணும்னுதான் சொல்லுவேன். ஏழைன்னா தரையவே பாத்துக்கினு இருக்கணுமா?"

அந்த ஆள் டம்ளரை வைத்துவிட்டுப் போனார். பேனர் மழையில் வெளுக்கும்வரை அங்கேயே இருந்தது. நான்கு வருஷம் கழித்து நம் கலம் பத்திரமாக இறங்கியபோது அந்தம்மா என் கடையில் இல்லை. அதற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அதற்கு முன் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு தாயார் வந்தார். பைக் விபத்தில் மகன் போய்ப் பத்து நாள். காரியத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும். மகன் போட்டோவைக் கொடுத்துவிட்டு, "எம் புள்ள நட்சத்திரமா ஆயிட்டான்னு எழுதும்மா" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் தட்டிக் கொடுத்திருப்பார்கள். அந்தம்மாவின் விரல் நின்றுவிட்டது.

"தங்கமான புள்ளன்னு எழுதறேன்மா. ஊரே அழுவுதுன்னு எழுதறேன். அத மட்டும் எழுத முடியாது. செத்துப் போனவங்க ஸ்டார் ஆவறது இல்லம்மா."

எனக்கு அவரைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. பெற்ற வயிறு எரிந்துகொண்டு நிற்கிறது, இந்த நேரத்தில் என்ன பாடம்? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திரையை அந்தத் தாயார் பக்கம் திருப்பினார். ஓரியன் நெபுலா. மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் கிழக்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரிவது.

"இது ஸ்டாருங்க பொறக்கற எடம்மா. இதோ இந்தப் பொடிப் பொடியா கீதே, அல்லாம் கொழந்தைங்க. இங்கேருந்து வெளிச்சம் கெளம்பி நம்ம கண்ணுக்கு வர ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு மேல ஆவுது. எங்க மகாபலிபுரத்துல ராஜாங்க காலத்துல பாறையில உளி வெச்சி தட்டிக்கினு இருந்தாங்களே, அப்ப கெளம்பின வெளிச்சத்ததான் இப்ப பாக்கறோம்."

அந்தத் தாயார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அம்மாந்தூரம் தனியாவா வருது?"

"ஆமாம்மா. எங்கயும் நிக்காம வருது."

"இதையே போடு. வேற ஒண்ணும் எழுத வேணாம். பேரு மட்டும் போதும்."

நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இனி நடந்த அசிங்கத்துக்கு வருகிறேன். புதிதாக மேலே அனுப்பிய பெரிய தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளிவந்தது ஆடி பிறக்கும் சமயம். அன்று அந்தம்மா ஒரு வேலையும் செய்யவில்லை. ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பாதி, செம்மண் மலைத்தொடர் மாதிரி எழும்பி நிற்கும் தூசி. மேலே பாதி, நீலம். மலை மடிப்புக்குள் எல்லாம் இதுவரை எவரும் பார்க்காத குட்டி நட்சத்திரங்கள். அது வெறும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். எந்த வெளிச்சத்துக்கு எந்த நிறம் என்று கணக்கு வைத்து மாற்றித் தந்திருக்கிறார்கள் என்று விளக்கினார். எனக்குக் கணக்கு புரியவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தது நிஜம்.

அந்த வாரமே கருங்குழி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாவுக்குப் பேனர் ஆர்டர் வந்தது. இருபதுக்குப் பத்து அடி. அந்தம்மா இந்தப் படத்தைப் பின்னால் வைத்து, முன்னால் அம்மனை நிறுத்தி, மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பினார். மறுநாள் காலையில் மூன்று பேர் வேனில் வந்து இறங்கினார்கள்.

"இன்னா அண்ணாத்த, எங்க கலர காலுக்குக் கீழ போட்டு வெச்சிக்கிற?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர்கள் ஊரில் மேல் தெரு, கீழ் தெரு என்று இரண்டு. மேல் தெரு கபடி டீமுக்குச் செம்மண் கலர் பனியன். கீழ் தெரு டீமுக்கு நீலம். படத்தில் நீலம் மேலே இருக்கிறது, செம்மண் கீழே இருக்கிறது. வந்தவர்கள் மேல் தெரு. மேல் தெரு, கீழ் தெரு என்றாலே எவன் எவனுக்குத் தண்ணீர் கொடுக்கமாட்டான் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நானும் ஒரு மேல் தெருவில் பிறந்தவன்தான்.

"இது யாரு கலரும் இல்லண்ணா" என்றார் அந்தம்மா. "அங்க கீற கேஸு, தூசி."

"கேஸோ தூசியோ, மேல எது கீது, கீழ எது கீது? அத சொல்லு."

"ஏழாயிரத்து அறுநூறு வருசமா ஓடி வந்த வெளிச்சம்ணா இது. எந்தத் தெரு வழியா வரணும்னு உங்களக் கேட்டுக்கினா வந்துச்சு?"

மூன்று பேரில் பெரியவர் அவரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார். "படத்தத் தலைகீழா திருப்பிப் போட ஒரு நிமிசம் ஆவுமா? சாயங்காலம் வருவோம். இல்லன்னா சுத்துப்பட்டு ஊரு எதுவும் உன் கடப் பக்கம் தல வெச்சிப் படுக்காது."

நான் அந்தம்மாவைப் பிரின்டிங் மெஷின் பக்கம் அழைத்துப் போனேன். என் வாதம் எனக்கே பெருமையாக இருந்தது. "ஏம்மா, அங்க மேலயும் கெடையாது கீழயும் கெடையாதுன்னு நீதான சொல்லுவ? அப்ப எப்படித் திருப்பினா இன்னா? நீ பொய் சொன்னதா ஆவாதே."

அவர் கொஞ்சம் யோசித்தார். கேட்டதற்கு மரியாதை கொடுத்து யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வேற எதுக்குனா கேட்டிருந்தா திருப்பியிருப்பேன்ணா. அங்க மேல கீழ இல்ல, அதனாலதான் மாட்டேன்றேன். இவுங்க கேக்கறதுக்காகத் திருப்பினா, மேல கீழ இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டதா ஆயிடும்."

அவருடைய தெருவின் பெயர் என்ன என்று அன்றுவரை நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. கேட்காமலே ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது.

"சரி, நீ போய் சாப்ட்டு வா" என்றேன்.

அவர் போனதும் நானே உட்கார்ந்து அம்மனை அப்படியே விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் தலைகீழாக்கினேன். உண்மையிலேயே ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூலையில் இருந்த சின்ன வரியையும் எடுத்துவிட்டு மெஷினில் ஏற்றினேன். அந்தம்மா கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது பாதி பேனர் வெளியே வந்து தரையில் வழிந்துகொண்டிருந்தது. செம்மண் மலைகள் மேலிருந்து தொங்கின.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நின்று பார்த்தார்.

"படத்துக்கு ஒண்ணும் ஆவலண்ணா" என்றார். "உங்களுக்குத்தான் ஆயிடுச்சு."

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

இவ்வளவு கேவலப்பட்டும் ஊரில் அமைதியாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. பேனர் எதற்காகத் திருப்பப்பட்டது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. கட்டிய அன்று மத்தியானமே கீழ் தெருப் பையன்கள் கயிற்றை அறுத்தார்கள். கைகலப்பு ஆனது. போலீஸ் நிற்கக் கூழ் ஊற்றினார்கள். பேனர் சேறும் சகதியுமாக மடிந்து என் கடை வாசலில் வந்து விழுந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டுமே, குடித்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்தம்மாவிடமிருந்து போன். "அந்தப் பேனரத் தூக்கிப் போட்டுடாதீங்க. எனக்கு வேணும்."

நானே கழுவி, காயவைத்து, வண்டியில் போட்டுக்கொண்டு போனேன். மாமல்லபுரத்தில் கடலோரமாக அண்ணி மீன் விற்கும் இடம். ஏழெட்டுப் பெண்கள் வெயிலில் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான்கு சவுக்குக் கழி ஏற்கெனவே நட்டிருந்தது. நிழலுக்குத்தான் கேட்டிருக்கிறார். படம் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி பேனரைப் பிடிக்கச் சொன்னார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, தொழில் புத்தி விடாமல், "எந்தப் பக்கம்மா மேல வரணும்?" என்று கேட்டுவிட்டேன்.

மீன்காரப் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "யோவ், கூரைக்கு ஏதுய்யா மேல் பக்கம்?"

கட்டி முடித்து எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். நான் நின்ற பக்கத்திலிருந்து மலை நிமிர்ந்து நின்றது. எதிரே நின்ற அண்ணி, தனக்குத் தலைகீழாகத் தொங்குகிறது என்றார். மீன் வாங்க வந்த சென்னைக்காரர் ஒருவர், விலை கேட்க மறந்து தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நடுவில் நின்ற அம்மன் மேலிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா மட்டும் மேலே பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார்.

"திரும்ப வந்துடும்மா" என்றேன். "தப்பு என்னோடதுதான்."

"வர மாட்டேண்ணா." கோபமே இல்லாமல்தான் சொன்னார். "அவுங்க திரும்பக் கேட்டா நீங்க திரும்பத் திருப்புவீங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது. சரியாகச் சொல்பவர்கள்மேல் வரும் கோபம்.

அடுத்த ஆடிக்கு அதே மூன்று பேர் வந்தார்கள். போன வருஷம் ஒன்றுமே நடக்காத மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"இந்த வாட்டியும் அந்த வானம் டிசைன் போடு அண்ணாத்த. எங்க கலர் மேல வரட்டும்."

"முடியாது" என்றேன்.

"ஏன்?"

அந்தம்மா மாதிரி விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. "வானத்துல உங்க தெரு கெடையாது. எங்க தெருவும் கெடையாது. வேற கடை பாத்துக்கோங்க" என்றேன்.

பெரியவர் என் ஊரைச் சொல்லி, என் அப்பா பெயரைச் சொல்லி, இன்னும் என்னென்னவோ சொன்னார். வேன் கிளம்பிப் போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. அந்தச் சீசனில் மெஷின் பாதி நாள் சும்மா நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன்.

அவர்கள் போனவுடன் மாமல்லபுரத்துக்குப் போன் செய்தேன். மறுமுனையில் பேரம் பேசும் குரல்கள், காற்று.

"வந்தாங்கம்மா. திருப்பல."

"ஒரு வருசம் லேட்டு" என்றார்.